வாட்டர்டவுனிலிருந்து கொடைக்கானலுக்கு

கேள்வி: வத்தலக்குண்டில் தையல் கடை வைத்திருக்கிறேன். மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள். பள்ளியில் நான்காம் தொழிற்புரட்சி பற்றி ஐந்து நிமிடம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். புத்தகத்தில் முதலில் நீராவி, அடுத்து மின்சாரம், பிறகு கம்ப்யூட்டர், இப்போது செயற்கை நுண்ணறிவு என்று ஏணிப்படி போல நாலு படம் போட்டிருக்கிறது. "இதெல்லாம் இங்கிலாந்து, அமெரிக்கா கதை. நம்ம மலைக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?" என்று கேட்கிறாள். எனக்கும் சொல்லத் தெரியவில்லை. கொடைக்கானலில் ஆலைப் புகையை நான் பார்த்ததே கிடையாது. முதல் மூன்றையும் தவறவிட்டிருந்தாலும் நாலாவதில் நேரே தாவி ஏறிக்கொள்ளலாம் என்று டிவியில் ஒருவர் பேசினார். அப்படி முடியுமா?

— ஒரு வாசகி, வத்தலக்குண்டு

பதில்: உங்கள் கடை மேசையைப் பாருங்கள். தையல் மெஷினுக்கு ஐசக் சிங்கர் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றது 1851-இல். இரும்புச் சக்கரம், வார், கால் மிதி: இவ்வளவும் பழைய காலத்து இயந்திர அறிவு. அதன் பக்கத்தில் ஒரு சின்ன மோட்டார் மாட்டியிருப்பீர்கள், அது மின்சார யுகம். ரவிக்கை மாதிரி வாட்ஸ்அப்பில் வருகிறது, அது கம்ப்யூட்டர் யுகம். அதை அனுப்பியவருக்கு அந்தப் படத்தை இணையத்தில் காட்டலாம் என்று முடிவு செய்த மென்பொருள், மகள் பேசப்போகிற நாலாவது. இத்தனைக்கும் நடுவில் கத்தரிக்கோலும் அளவு நாடாவும் இருக்கின்றன. கரண்ட் போனால் மறுபடி கால் மிதிதான்.

புத்தகத்து ஏணிப்படத்தில் எனக்குள்ள குறை இதுதான். ஒன்று முடிந்து மற்றொன்று வந்ததாக அது காட்டுகிறது. நடந்தது வேறு. ஓரிடத்தில் ஒரு தொழில்நுட்பம் பழசாகும்போது அது செத்துப்போவதில்லை, இடம் பெயர்கிறது. புதியது பிறக்கும் ஊர்களின் பெயர் பாடத்தில் வருகிறது. பழையது போய்ச் சேரும் ஊர்களின் பெயர் வருவதில்லை. அப்படிப் போய்ச் சேர்ந்த ஊர்களில் ஒன்று உங்கள் கண்ணெதிரே மலை மேல் இருக்கிறது.

எண் போடும் வழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஜேம்ஸ் வாட் தன் நீராவி எந்திரத்துக்கு 1769-இல் காப்புரிமை வாங்கியபோதோ, ஆர்க்ரைட் 1771-இல் கிராம்ஃபோர்டில் நூற்பாலை கட்டியபோதோ, தாங்கள் முதலாம் தொழிற்புரட்சியில் இருப்பதாக அவர்கள் நினைக்கவில்லை. நூறு ஆண்டுக்கும் மேல் கழிந்து, 1880-களில் ஆர்னால்ட் டாயின்பி என்ற ஆக்ஸ்ஃபோர்டு ஆசிரியரின் சொற்பொழிவுகளுக்குப் பிறகுதான் அந்தப் பெயர் நிலைத்தது. நாலாவதின் கதை நேர்மாறு. 2011-இல் ஜெர்மனியின் ஹானோவர் கண்காட்சியில் 'இண்டஸ்ட்ரி 4.0' என்று அறிவித்தார்கள். 2016-இல் உலகப் பொருளாதார மன்றத்தின் கிளாஸ் ஷ்வாப் 'நான்காம் தொழிற்புரட்சி' என்ற தலைப்பில் புத்தகமே போட்டுவிட்டார். பிள்ளை வளர்ந்த பிறகு பட்டம் கொடுப்பது ஒன்று, பிறக்கும்போதே கொடுப்பது இன்னொன்று. இரண்டாவதை நான் கொஞ்சம் தள்ளி நின்றே பார்க்கிறேன்.

சரி, நம் பக்கத்தில் இந்த வரிசை எப்படி வந்தது? கலைந்துதான் வந்தது. ஹார்வி சகோதரர்கள் 1880-களில் பாபநாசத்தில் நூற்பாலை வைத்தபோது தாமிரபரணி அருவியின் நீர்விசையை நம்பி வைத்தார்கள். நிலக்கரி எங்கோ வங்காளத்தில் இருந்தது, அருவி பக்கத்திலேயே விழுந்தது. ஆர்க்ரைட்டின் கிராம்ஃபோர்டு ஆலையும் நீர்ச்சக்கரத்தில் ஓடியதுதான். அதாவது நீராவி உலகத்தையே புரட்டிப்போட்டு நூறாண்டு ஆன பிறகு, நீராவிக்கு முந்திய படியிலிருந்து நம் ஆட்கள் தொடங்கினார்கள், அது லாபமாகவும் இருந்தது. அதே ஹார்வி நிறுவனம் மதுரையில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் 1892-இல் ஆலை கட்டியது. கோயம்புத்தூர்க்காரர்கள் இன்னொரு விதம். சில ஆலைகள் முன்பே இருந்தாலும், 1932-33-இல் பைக்காரா மின்சாரம் வந்த பிறகுதான் அங்கே வரிசையாக ஆலைகள் முளைத்தன. பெரும்பாலான கோவை ஆலைகளுக்குப் பாய்லரோடு பெரிய பழக்கம் இல்லாமலே போயிற்று. ஆகவே தாவி ஏற முடியுமா என்று கேட்டால், ஒரு முறை தாவியிருக்கிறோம். என்ன இருந்ததால் தாவ முடிந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

இனி பழனி மலைக்கு வருவோம்.

அமெரிக்க மிஷனரிகள் 1845-இல் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். மதுரை ஆட்சியராக இருந்த வியர் லெவிஞ்சு 1863-இல் ஏரியை உண்டாக்கினார். ஆனால் அன்று மேலே போவதென்றால் பெரியகுளத்துப் பக்கமிருந்து ஒற்றையடிப் பாதை. சாமான் தலைச்சுமையாகவும் குதிரை மேலும் போகும். துரைமாரையும் துரைசானிமாரையும் நாற்காலியில் உட்கார வைத்து, கம்பு கட்டித் தோளில் தூக்கிப் போவார்கள். 1875-இல் தென்னிந்திய ரயில்வே மதுரைக்குத் தண்டவாளம் போட்டபோது வழியில் அம்மையநாயக்கனூரில் ஒரு நிலையம் அமைந்தது. இன்று நாம் கொடைக்கானல் ரோடு என்கிறோமே, அதுதான். வாட்டின் எந்திரம் மலைக்கு அருகே வந்து சேர்ந்தது அன்றைக்கு. அங்கே இறங்கியவர்கள் இரவெல்லாம் மாட்டு வண்டியில் மலையடிவாரம் போய், விடிந்ததும் பழைய நாற்காலியிலேயே ஏறினார்கள். நீராவி பாதி வழிக்குத்தான். மீதிப் பாதிக்குத் தோள்.

உங்கள் ஊர் வழியாக ஏறுகிற லாஸ் காட் ரோடு மேஜர் லா என்பவர் பெயரில் 1870-களில் தொடங்கியது. பணம் இல்லை, ஆள் இல்லை என்று இழுத்து இழுத்து, முதல் உலகப் போர்க் காலத்தில்தான் முழுமையாகத் திறந்தது. அதற்குள் மோட்டார் கார் வந்துவிட்டது. ரயில் காலத்தில் திட்டமிட்ட சாலை மோட்டாருக்காகத் திறந்தது. வெள்ளகவி என்ற ஊரை உங்கள் மகள் கேள்விப்பட்டிருப்பாள். பெரியகுளத்துப் பக்கமிருந்து கும்பக்கரை வழியே ஏறிய அந்தப் பழைய ஒற்றையடிப் பாதையில் இருக்கிற ஊர். புதுச் சாலை வேறு பக்கம் போனதால் வெள்ளகவி நெடுங்காலம் சக்கரமே காணாமல் இருந்தது. மளிகையும் விளைச்சலும் குதிரை முதுகில்தான். ஒரே மலையில் ஒருவருக்கு முன்னேற்றம் வந்த வழி, அடுத்தவரின் வழியை அடைத்தது.

உங்கள் மகள் இதுவரை போகவில்லை என்றால் ஒரு நாள் சூரிய ஆய்வகத்துக்கு அழைத்துப்போங்கள். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைப் பெரும் பஞ்சம் தின்றது. புதிதாக வந்திருந்த ரயில், தானியத்தை ஊருக்குள் கொண்டுவந்ததைப் போலவே விலை கிடைக்கிற இடத்துக்கு வெளியேயும் கொண்டுபோனது. பருவமழை ஏன் பொய்க்கிறது, சூரியனில் தோன்றும் கரும்புள்ளிகளுக்கும் மழைக்கும் தொடர்பு உண்டா என்ற ஆராய்ச்சி ஆவல் அந்தப் பஞ்சத்துக்குப் பிறகு வலுத்தது. கொடைக்கானலில் சூரிய ஆய்வகம் அமைந்ததற்கு அது ஒரு தூண்டுதல். 1899-இல் சென்னையிலிருந்து பணி இங்கே மாறியது, 1901-இல் கவனிப்பு தொடங்கியது. கடல்மட்டத்துக்கு மேல் 2,343 மீட்டர் உயரம், தூசு குறைந்த காற்று, தெளிந்த காலை. கேம்பிரிட்ஜில் செய்த ஸ்பெக்ட்ரோஹீலியோகிராஃப் என்ற கருவி கப்பலேறி, ரயிலேறி, மலையேறி வந்தது. சூரிய ஒளியை நிறம் நிறமாகப் பிரித்து, கால்சியம் உமிழும் ஒரே ஒரு நிறக்கோட்டை மட்டும் வடிகட்டி, அந்த ஒளியில் சூரியன் எப்படித் தெரிகிறது என்று கண்ணாடித் தகட்டில் படம் பிடிக்கும் கருவி அது. 1909 ஜனவரியில் ஜான் எவர்ஷெட் அங்கே கரும்புள்ளிகளின் விளிம்பில் வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டார். உலகெங்கும் அதற்கு இன்றும் எவர்ஷெட் விளைவு என்றே பெயர்.

ஆலைப் புகை பார்த்ததில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கண்ணாடித் தகடு இரண்டாம் தொழிற்புரட்சியின் பண்டம். வெள்ளி உப்பும் ஜெலட்டினும் பூசிய உலர் தகடுகளை ஆலையில் மொத்தமாகச் செய்யப் பழகியது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசிக் கால் பகுதியில். மின்சாரம், மின்சாரம் என்று பாடம் சொல்கிறது. எனக்கு அந்தக் காலத்தின் உயிர் வேதியியலில் இருந்ததாகப் படுகிறது. சாயம், உரம், மருந்து, புகைப்படத் தகடு, செயற்கை நூல், தோல் பதனிடும் சாறு எல்லாம் ஆலைச் சரக்கானது அப்போதுதான். பழனி மலையின் முகத்தையே மாற்றியதும் அந்த வேதியியல்தான்.

ஆங்காங்கே வாட்டில் மரக் காடுகளைப் பார்த்திருப்பீர்கள், மஞ்சள் பூ பூத்து நிற்கும். அது ஆஸ்திரேலிய மரம். திண்டுக்கல் தோல் ஷாப்புகளில் அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான் போட்டுத் தோலைப் பதப்படுத்தினார்கள். ஏற்றுமதி பெருகியதும் வாட்டில் பட்டைச் சாறு தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. அங்கே இந்தியர்களை நடத்திய விதத்துக்காக 1946-இல் இந்தியா அந்நாட்டுடன் வணிகத்தை முறித்துக்கொண்டது. பட்டை நம் மலையிலேயே விளையட்டும் என்று நீலகிரியிலும் பழனி மலையிலும் புல்வெளிகளில் வாட்டிலை நட்டார்கள். அடுத்து ரேயான் வந்தது. மரக்கூழைக் காரத்திலும் கார்பன் டைசல்ஃபைடிலும் கரைத்து, நுண்ணிய துளைகள் வழியே பீய்ச்சி நூலாக்கும் வழியை 1892-இல் இங்கிலாந்தில் கண்டுபிடித்திருந்தார்கள். மேட்டுப்பாளையம் பக்கத்துச் சிறுமுகையில் பவானிக் கரையில் அமைந்த சவுத் இந்தியா விஸ்கோஸ் ஆலை இந்த வழியில் நூல் செய்தது. மலைத் தோட்டங்களின் வாட்டிலும் தைல மரமும் அதற்குக் கூழாகப் போயின. சின்னாளப்பட்டிச் செயற்கைப் பட்டு பெயர் வாங்கியதெல்லாம் ரேயான் புகழ் கொடி கட்டிய காலம். உங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு நான் சொல்லி ஆகவேண்டியதில்லை.

பிறகு என்ன ஆயிற்று? தோலுக்குக் குரோமிய உப்பு வந்தது, வாட்டில் பட்டைக்கு மவுசு குறைந்தது. பவானி நாறிப்போய், வழக்குகளும் நட்டமும் சேர்ந்து சிறுமுகை ஆலை 2001-இல் மூடியது. வாங்க ஆள் இல்லாத மரம் மலையில் நின்றுவிட்டது. நின்றதோடு விடவில்லை, விதை தூவிப் பரவிக்கொண்டே போகிறது. செயற்கைக்கோள் படங்களை வைத்து நடந்த ஓர் ஆய்வின்படி 1973-க்கும் 2014-க்கும் நடுவில் பழனி மலையின் புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து மெல்ல மெல்லக் கீழே விட்டது அந்தப் புல்லும் சோலையும்தான். தொழில் போய்விட்டது, தோப்பு போகவில்லை. 2013-இல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவித்த பிறகு, சரணாலயத்துக்குள் நிற்கும் வாட்டிலை என்ன செய்வது என்பதே வனத்துறைக்குத் தலைவலி.

இனி தெர்மாமீட்டர். கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பாதரசத் தெர்மாமீட்டரை ஃபாரன்ஹீட் உருவாக்கியது 1714-இல். நூற்றைம்பது ஆண்டு அது விஞ்ஞானிகள் கையிலேயே இருந்தது. நோயாளிக்கு வைப்பதற்கான கருவி ஓர் அடிக்குக் குறையாத நீளம், வெப்பம் காட்ட இருபது நிமிடம் வரை ஆகும். 1867 வாக்கில் தாமஸ் ஆல்பட் என்ற ஆங்கிலேய மருத்துவர் ஆறங்குல நீளத்தில், ஐந்து நிமிடத்தில் காட்டுகிற சின்னத் தெர்மாமீட்டரைக் கொண்டுவந்தார். குமிழுக்கு மேல் குழாயில் ஓர் இடுக்கு இருக்கும். ஏறிய பாதரசம் தானாக இறங்காது, நாம் கையை உதறினால்தான் இறங்கும். டாக்டர் நம் வாயிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பாரே, அதற்கு வழி செய்தது அந்த இடுக்குதான். கண்ணாடியை மயிரிழைத் துளையுள்ள குழாயாக இழுப்பது, குமிழ் ஊதுவது, காற்றை உறிஞ்சிவிட்டுப் பாதரசம் நிரப்புவது, மூடுவது, வெந்நீர்த் தொட்டியில் முக்கி அளவு சரிபார்ப்பது, கோடு அச்சிடுவது என்று வேலை நிறைய. மெஷின் வந்த பிறகும் கைவேலை குறையவில்லை. கை வேலை அதிகமுள்ள தொழில் கூலி குறைந்த இடத்தைத் தேடும்.

நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில் வாட்டர்டவுன் என்று ஓர் ஊர். வாசலினும் பாண்ட்ஸும் விற்ற செஸ்ப்ரோ-பாண்ட்ஸ் நிறுவனம் அங்கே தெர்மாமீட்டர் செய்து வந்தது. 1983 வாக்கில் அந்தத் தொழிற்சாலையைக் கொடைக்கானலுக்கு மாற்றினார்கள். செயின்ட் மேரிஸ் சாலையில், பாம்பார் சோலையின் விளிம்பில் அது அமைந்தது. மலையின் குளிர் இந்த வேலைக்கு ஏற்றது என்று ஒரு காரணம் சொன்னார்கள். பாதரசம் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வந்தது, செய்த தெர்மாமீட்டரும் பெரும்பாலும் அமெரிக்காவுக்கே போயிற்று. கம்பெனி 1987-இல் யூனிலீவர் கைக்கு மாறியது. பிறகு 1998-இல் அதன் இந்தியக் கிளையான பாண்ட்ஸ் இந்தியா ஹிந்துஸ்தான் லீவருடன் இணைந்தது.

இந்த 1983 என்ற ஆண்டு முக்கியம். அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் மின்னணுத் தெர்மாமீட்டர் அதற்கு முன்பே நுழைந்துவிட்டது. வெப்பத்துக்கு ஏற்ப மின்தடை மாறும் ஒரு சிறு துகள், அதைப் படித்து எண்ணாகக் காட்டும் ஒரு சில்லு, அவ்வளவுதான். மூன்றாம் தொழிற்புரட்சி இந்தப் பழைய கண்ணாடிக் குழாயின் கதையை முடித்துக்கொண்டிருந்த நேரத்தில், அந்தக் குழாய்த் தொழில் மலையேறி நம்மிடம் வந்தது. வந்தவர்கள் ஏமாற்றினார்கள் என்றோ வேலைக்குப் போனவர்கள் அறியாமல் போனார்கள் என்றோ எளிதாகச் சொல்லிவிட மாட்டேன். சீசன் முடிந்தால் வருமானமே இல்லாத ஊரில் மாதச் சம்பளமும் பி.எஃப்.பும் கம்பெனி வண்டியும் சின்ன விஷயம் இல்லை.

பாதரசத்தின் குணம் வேறு. அறை வெப்பத்திலேயே அது ஆவியாகும். அந்த ஆவிக்கு நிறமில்லை, மணமில்லை. மூச்சில் போனால் மூளையையும் சிறுநீரகத்தையும் தாக்கும். தண்ணீரில் நுண்ணுயிர்கள் அதை இன்னொரு வடிவமாக மாற்ற, அது மீனில் ஏறும். ஜப்பானின் மினமாட்டாவில் 1956-இல் வெளிச்சத்துக்கு வந்த நோய் மீனில் ஏறிய பாதரசத்தால் வந்ததுதான். அங்கே சிஸ்ஸோ என்ற வேதியியல் ஆலை கழிவைக் கடலில் விட்டது. ஆகவே 1983-இல் உலகத்துக்குப் பாதரசம் தெரியாத பொருள் இல்லை.

2001 மார்ச்சில் கொடைக்கானல் மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில், பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கிடப்பதை உள்ளூர் மக்களும் கிரீன்பீஸ் அமைப்பினரும் வெளியே கொண்டுவந்தார்கள். ஊர் திரண்டது, ஆலை மூடியது, பிறகு திறக்கவே இல்லை. 2003-இல் சுமார் 290 டன் கண்ணாடிக் கழிவு அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்குக் கப்பலேறியது. பதினெட்டு ஆண்டு இந்தியாவுக்கும் அமெரிக்காவுக்கும் நடுவில் பாதரசமும் தெர்மாமீட்டரும் போய்வந்ததில், கழிவு திரும்பிப் போன அரிய நிகழ்வு அது. அணுசக்தித் துறை ஆய்வாளர்கள் 2006-இல் வெளியிட்ட கட்டுரையில் கொடைக்கானல் ஏரியின் நீரிலும் மீனிலும் பாதரசம் இருப்பதைக் காட்டினார்கள். தங்கள் ஆலையால் தொழிலாளர் உடல்நலம் கெடவில்லை என்பது கம்பெனியின் நிலை. தொழிலாளர்கள் சொன்னது வேறு. 2015-இல் இதைப் பற்றி சோஃபியா அஷ்ரஃப் பாடிய ராப் பாடல் இணையத்தில் பரவி ஊர் உலகம் திரும்பிப் பார்த்தது. 2016 மார்ச்சில் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் கம்பெனி உடன்பாடு செய்தது. மண்ணைத் துப்புரவாக்கும் பேச்சு அதற்குப் பிறகும் ஓடியது. ஒரு கிலோ மண்ணில் எத்தனை மில்லிகிராம் பாதரசம் இருந்தால் போதும் என்று விட்டுவிடலாம், இங்கிலாந்தில் ஒரு குடியிருப்புக்குக் கேட்கும் அளவு ஏன் இங்கே கூடாது என்ற வாதம் ஆண்டுக்கணக்கில் நீண்டது. பாம்பாற்றுத் தண்ணீர் கும்பக்கரை வழியே பெரியகுளத்துப் பக்கம் இறங்குவதை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

தெர்மாமீட்டர் கதைக்கு ஒரு வால் உண்டு. கொரோனா நேரத்தில் கடை வாசலில் நெற்றிக்கு நேரே பிடித்தார்களே ஒரு துப்பாக்கி, அது அகச்சிவப்புக் கதிரை அளக்கிறது. அந்தக் கதிரை 1800-இல் வில்லியம் ஹெர்ஷல் கண்டுபிடித்தது எப்படித் தெரியுமா? சூரிய ஒளியை முப்பட்டகத்தில் பிரித்து, சிவப்புக்கு அப்பால் கண்ணுக்கு ஒன்றும் தெரியாத இடத்தில் ஒரு கண்ணாடித் தெர்மாமீட்டரை வைத்தார், வெப்பம் ஏறியது. தன்னைப் பின்னால் ஒழிக்கப்போவதைக் கண்டுபிடிக்க அந்தக் கருவியே உதவியிருக்கிறது. பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தத்துக்கு மினமாட்டா பெயரையே வைத்தார்கள். அது 2017-இல் நடைமுறைக்கு வந்தது, இந்தியா 2018-இல் ஏற்றது.

இப்போது உங்கள் இரண்டாவது கேள்வி, தாவல்.

சூரிய ஆய்வகத்துக்குத் திரும்புவோம். 1904 முதல் நூறாண்டுக்கும் மேல், வானம் தெளிந்த நாளெல்லாம் யாரோ ஒருவர் அந்த மலையில் சூரியனைப் படம் எடுத்து, தகட்டைக் கழுவி, தேதி எழுதி, பெட்டியில் அடுக்கியிருக்கிறார். இரண்டு உலகப் போர் வந்தது, வெள்ளைக்காரன் போனான், ஆய்வகம் 1971-இல் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் கீழ் வந்தது, அடுக்குவது நிற்கவில்லை. இந்த நூற்றாண்டில் அவற்றை எல்லாம் கணினிக் கோப்புகளாக மாற்றினார்கள். இன்று உலகில் எங்கோ இருக்கும் ஆய்வாளர் அவற்றை இறக்கி, கணினிக்குப் பழக்கி, சூரியன் பத்துப் பதினோரு ஆண்டுக்கு ஒருமுறை எப்படிக் கொதித்தடங்குகிறது என்று தேடுகிறார். செயற்கை நுண்ணறிவு கொடைக்கானலுக்கு நேர்மையாகச் செய்யும் வேலை இது. ஆனால் அதற்குத் தீனி எங்கிருந்து வந்தது? கேம்பிரிட்ஜ் பட்டறை, தகட்டு ஆலை, மலைச்சாலை, தலைமுறை தலைமுறையாகக் கை நடுங்காமல் தகடு கழுவிய உதவியாளர்கள். அவர்களின் பெயர்கூடப் புத்தகங்களில் இல்லை.

கோவை தாவிய கதையைப் பிறகு சொல்கிறேன் என்றேன். பைக்காராவில் அணை கட்டப் பொறியாளர்கள் இருந்தார்கள், கரிசல் காட்டில் பருத்தி இருந்தது, மோட்டார் பழுது பார்க்கும் பட்டறைகள் பிறந்தன, பிறகு அந்த மோட்டாரையே செய்யவும் கற்றுக்கொண்டார்கள். அப்படித் தாவலாம். ஆனால் கொடைக்கானலுக்கு வந்த தெர்மாமீட்டரைப் பாருங்கள்: மூலப்பொருள் வெளியிலிருந்து, சந்தை வெளியில், மெஷின் வெளியிலிருந்து, முடிவும் வெளியில். ஊரிலிருந்து கூலியும் குளிரும் மட்டும். பதினெட்டு ஆண்டு அந்த வேலை நடந்தும், அதிலிருந்து கொடைக்கானலில் இன்னொரு கண்ணாடித் தொழிலோ கருவித் தொழிலோ முளைக்கவில்லை. டிவியில் பேசியவரிடம் நான் கேட்பதென்றால் இதைத்தான் கேட்பேன்: நாலாவதில் நம் பங்கு மோட்டார் செய்வதா, குழாய் ஊதுவதா? படங்களுக்கு அடையாளம் குறிக்கும் வேலை, கணினிக்குத் தமிழ் பழக்கும் வேலை எல்லாம் சிறு ஊர்களுக்கு வர ஆரம்பித்துவிட்டன. வரட்டும். ஆனால் தாவுகிறோம் என்று சொல்வதற்கு முன் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்ப்பது நல்லது.

மலையில் இப்போது நடப்பது ஒன்று எனக்கு வேடிக்கையாக இருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு வண்டியில் போக இ-பாஸ் வேண்டும். நூறாண்டுக்கு முன் ஒரு சாலையைத் திறந்து மோட்டாரை வரவேற்றோம். இன்று அந்த மோட்டாரை எண்ணவும் தடுக்கவும் கம்ப்யூட்டர் வைத்திருக்கிறோம். இரண்டாவதின் நெரிசலுக்கு மூன்றாவதிடம் மருந்து. நாலாவது வந்து நாளைக்கு எந்த வண்டியை எத்தனை மணிக்கு விடலாம் என்று கணக்குப் போடும். வண்டி நிறுத்த இடம் அது கண்டுபிடிக்குமா என்பது சந்தேகம்தான்.

மகளின் ஐந்து நிமிடத்துக்கு இவ்வளவையும் திணிக்க வேண்டாம். நாலு புரட்சியையும் வரிசையாகச் சொன்னால் கேட்பவர்கள் மூன்றாவதில் கொட்டாவி விடுவார்கள். தெர்மாமீட்டர் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். 1714, 1867, 1983, 2001 என்று நாலே ஆண்டுகள். கையில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டரையும் வைத்துக்கொள்ளட்டும். பழைய பாதரசத் தெர்மாமீட்டர் வீட்டில் கிடந்தால் அதைப் பள்ளிக்கு எடுத்துப்போக வேண்டாம். கூட்டத்தில் கை தவறி உடைந்தால் வகுப்பறையைச் சுத்தம் செய்வது பெரும்பாடு. வீட்டில் உடைந்தாலும் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், உருண்டைகள் சிதறி ஆவி கூடும். ஜன்னலைத் திறந்துவிட்டு, கையுறை போட்டு, அட்டைத் துண்டால் ஒதுக்கி, மூடியுள்ள பாட்டிலில் அடைத்து வைத்துவிட்டு, மாசுக்கட்டுப்பாட்டு வாரிய அலுவலகத்தில் கேளுங்கள்.